செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணம்: புதிதாகப் படம் எடுக்க வருபவர்கள் வெளிச்சம் பழகும் வழி

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் நான் எடுத்த முதல் கல்யாணம் அது. கையில் ஒரு கேமரா, அதன் தலையில் ஒரு ஃபிளாஷ், அவ்வளவுதான். திருப்பூட்டு, அதாவது தாலி கட்டும் சடங்கு, முடிந்ததும், கழுத்திரு என்ற பெரிய தங்கத் தாலி அணிந்த பெண்ணைச் சுவரோரம் நிற்கவைத்து, நேருக்கு நேராக ஃபிளாஷ் அடித்து முப்பது படம் எடுத்தேன். ஆல்பம் கொடுக்கப் போன அன்று பெண்ணின் அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. “ஏப்பா தம்பி, கழுத்துல மஞ்சளா ஒரு பட்டை தெரியுது. கழுத்திரு எங்க?” என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. முகப்புச் சுவரில் தொங்கிய தன் கல்யாணப் படத்தை இறக்கச் சொல்லிக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படம். அதில் கழுத்திருவில் கோத்த ஒவ்வொரு உருவும், அதாவது ஒவ்வொரு தங்கத் துண்டும், தனித்தனியாகத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மெல்லிய நிழல். அதை எடுத்தவரிடம் என் ஃபிளாஷ் மாதிரி ஒன்று இருந்திருக்காது. ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதை, கற்றுக்கொண்ட வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். ஒரு கேமரா, ஒரு ஃபிளாஷ் வைத்திருப்பவர்களுக்காக எழுதுவது. வரிசையை மாற்றாதீர்கள். எனக்குத் தெரிந்த பல தம்பிகள் முதல் சம்பளத்திலேயே மூன்று ஃபிளாஷ் வாங்கிவிட்டு, எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் கேமரா தலையிலேயே மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

முதல் படி: ஃபிளாஷை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய் வீட்டைப் பாருங்கள்

கல்யாணத்துக்கு முந்தின நாள், முகூர்த்தம் எத்தனை மணிக்கோ அதே நேரத்துக்குப் போங்கள். காலை ஐந்தரைக்கு முகூர்த்தம் என்றால் ஐந்தரைக்கே போக வேண்டும். மதியம் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் நீங்கள் பார்த்தது வேறு வீடு.

செட்டிநாட்டு வீடு வெளிச்சத்துக்காகவே கட்டியது போல இருக்கும். தெருப்பக்கம் திண்ணையும் முகப்பும். உள்ளே வளவு, அதன் நடுவில் வானம் பார்த்த முற்றம். அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அடுப்படி. சில வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ஒவ்வொரு கட்டைத் தாண்டும்போதும் வெளிச்சம் மாறுகிறது. வெளிச்சம், இருட்டு, மறுபடி வெளிச்சம் என்று அடுக்கடுக்காக வரும். இந்த அடுக்குதான் உங்கள் முதல் பாடம்.

வளவு முற்றத்தில் உச்சிவெயில் நேரத்தில் யாரையாவது நடுவில் நிற்கவைத்துப் பாருங்கள். வெயில் தலைக்கு மேலிருந்து விழும், கண்கள் இரண்டும் குழியாகத் தெரியும். அதே ஆளை நான்கு அடி பின்னால், தூண் வரிசைக்கு உட்பட்ட நிழலுக்குள், முகம் முற்றத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். மேலிருந்து வந்த வெளிச்சம் இப்போது முன்பக்கமிருந்து, அகலமாக, மெத்தென்று முகத்தில் படுகிறது. கண்ணுக்குள் முற்றத்தின் வெளிச்சம் ஒரு சின்ன சதுரமாகத் தெரியும். இந்த நான்கு அடியைப் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது என்பேன். காலையில் ஒரு பக்கத் தூண்வரிசை, மாலையில் எதிர்ப்பக்கம் என்று இடம் மாறும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தரையில் ஆத்தங்குடி டைல்ஸ். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் கலந்த பூவேலை. வெயில் அதன்மேல் விழுந்து எதிரொளிக்கும்போது நிறத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு வரும். தாடைக்கு அடியில் சிவப்பு ஏறும். கம்ப்யூட்டரில் அதைத் தனியாக எடுப்பது பெரும்பாடு. நான் ஒரு எட்டு முழ வேட்டியைப் பையில் வைத்திருக்கிறேன். பெண்ணின் காலடிக்கு முன்னால், படத்தில் தெரியாத இடத்தில் விரித்தால் டைல்ஸின் நிறம் அடங்கி, கீழிருந்து வெள்ளை வெளிச்சம் கிடைக்கும். நீலம் போடாத வேட்டியாக இருக்கட்டும்.

வண்ணக் கண்ணாடி பதித்த சன்னல்கள் அழகுதான். ஆனால் அந்த நிறம் முகத்தில் விழவிடாதீர்கள். பச்சைக் கன்னத்தோடு எந்தப் பெண்ணும் தன் கல்யாணப் படத்தை விரும்பமாட்டாள். நிறம் சுவரிலோ தரையிலோ விழட்டும், பெண் அதற்குப் பக்கத்தில் நிற்கட்டும்.

பார்த்து முடித்ததும் ஒரு தாளில் வீட்டை வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் என்ன அளவில் படம் வந்தது என்று எழுதுங்கள். என் தாள் ஒன்றில் இப்படி இருக்கும்: வளவுத் தூணோரம் பகல் பதினொன்று, ஐ.எஸ்.ஓ. (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 400, அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 2.8, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) நொடியில் 250-ல் ஒரு பங்கு. முகப்பின் உள்மூலை, ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 2, 125-ல் ஒரு பங்கு. விடியற்காலை குத்துவிளக்கும் குண்டு பல்பும் மட்டும் இருந்தபோது ஐ.எஸ்.ஓ. 6400. உங்கள் வீட்டுக்கு வேறு எண்கள் வரும். எண்களைவிட, எந்த இடத்தில் வெளிச்சம் குறைகிறது என்பது தெரிவதுதான் தேவை. ஃபிளாஷுக்கு அங்கேதான் வேலை.

இரண்டாம் படி: சொம்பும் சன்னலும்

கல்யாணப் பெண்ணை வைத்துப் பழக முடியாது. ஒரு பித்தளைச் சொம்பை வைத்துப் பழகலாம். நன்றாகப் புளி போட்டுத் தேய்த்த சொம்பு. தங்கம் வெளிச்சத்தில் எப்படி நடந்துகொள்ளுமோ ஏறக்குறைய அப்படியே பித்தளையும் நடந்துகொள்ளும்.

சொம்பைச் சன்னலோரம் வையுங்கள். சன்னலின் வடிவமே சொம்பின்மேல் நீளமான பளபளப்பாகத் தெரியும். இப்போது சன்னலை மூடிவிட்டு நேராக ஃபிளாஷ் அடியுங்கள். கூசுகிற ஒரு புள்ளி, சுற்றிலும் இருண்ட பழுப்பு. அப்புறம் ஃபிளாஷுக்கும் சொம்புக்கும் நடுவே ஒரு வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டு அதன் வழியாக அடியுங்கள். புள்ளி விரிந்து பட்டையாகி, சொம்பின் வளைவு தெரியும்.

பளபளப்பான பொருள் தன்னைச் சுற்றி இருப்பதையே காட்டும். வெளிச்சம் சின்னதாக இருந்தால் சின்னப் புள்ளி, பெரிதாக இருந்தால் பெரிய பரப்பு. என் முதல் கல்யாணத்தில் கழுத்திரு பட்டையாக வெளுத்துப்போனதற்குக் காரணம் இதுதான். சின்ன ஃபிளாஷ், லென்ஸுக்கு நேர் மேலே. நிழல் எல்லாம் நகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. நிழல் இல்லாவிட்டால் செதுக்கு வேலை தெரியாது.

வைரத்துக்கு மட்டும் இது தலைகீழ். வைரத்தோடும் மூக்குத்தியும் மின்ன வேண்டும் என்றால் சின்னப் புள்ளி வெளிச்சம் தேவை. பெரிய மெத்தென்ற வெளிச்சத்தில் வைரம் வெறும் கண்ணாடிக்கல் போல இருக்கும். அதனால் முகத்துக்கும் தங்கத்துக்கும் பெரிய வெளிச்சம், தோட்டுக்கு ஓரத்திலிருந்து ஒரு சின்ன எல்.இ.டி. டார்ச். ஒருவர் கையில் பிடித்து மெல்ல அசைத்தால் போதும்.

ஒரு வாரம் தினம் அரைமணி நேரம் சொம்போடு உட்காருங்கள். சலிப்பாக இருக்கும். ஆனாலும் உட்காருங்கள்.

மூன்றாம் படி: ஃபிளாஷைச் சுவரைப் பார்த்துத் திருப்புங்கள்

புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் ஃபிளாஷ் தலையை மேலே திருப்பிக் கூரையில் அடிப்பார்கள். மண்டபத்து வெள்ளைக் கூரையில் அது நடக்கும். செட்டிநாட்டு வீட்டில் நடக்காது. கூரை உயரம் அதிகம், பல இடங்களில் பர்மா தேக்கும் வண்ண வேலைப்பாடும். வெளிச்சம் அவ்வளவு தூரம் போய்த் திரும்புவதற்குள் மெலிந்துவிடும், வருவதும் மரத்தின் பழுப்பு நிறத்தோடு வரும்.

சுவர் இருக்கிறதே! சுண்ணாம்பும் வெல்லமும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த அந்தப் பூச்சு, நூறு வருடம் ஆகியும் பளிங்கு மாதிரி வழவழவென்று இருக்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாஃப்ட்பாக்ஸ் (ஃபிளாஷ் வெளிச்சத்தை மெத்தென்று பரப்பும் பெட்டி) விலைக்குக் கிடைக்காது. ஃபிளாஷ் தலையைப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னோக்கி, ஆறேழு அடி தள்ளியுள்ள வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திருப்புங்கள். அந்தச் சுவர் முழுவதும் ஒரு பெரிய சன்னலாகிப் பெண்ணின்மேல் பக்கத்திலிருந்து வெளிச்சம் தரும். அப்பத்தாவின் படத்தில் நான் பார்த்த வெளிச்சம் இப்படித்தான் இருந்தது.

ஒரு எச்சரிக்கை. அதே வழவழப்பு, பெண்ணுக்குப் பின்னால் இருந்தால் பகையாகிவிடும். நேராக அடித்த ஃபிளாஷ் சுவரில் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்பி, தலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொட்டாக நிற்கும். சுவரை நேராகப் பார்த்து நிற்காமல் சாய்வாக நின்று எடுத்தால் அந்தப் பொட்டு படத்துக்கு வெளியே போய்விடும்.

தொடக்கத்துக்கு ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 2.8, ஃபிளாஷின் பவர் மேனுவலில் (நாமே கையால் வைக்கும் முறை) எட்டில் ஒரு பங்கு என்று வைத்துப் பாருங்கள். கேமராவே ஃபிளாஷின் அளவைக் கணக்கிடும் டி.டி.எல். முறை வேண்டாம் என்று சொல்லவில்லை; நடந்துகொண்டே எடுக்கும்போது அது உதவும். ஆனால் பழகும் காலத்தில் மேனுவல்தான். கேமரா தானாக மாற்றிக்கொண்டே இருந்தால் எது எதனால் மாறியது என்று உங்களுக்கு எப்போதும் தெரியாது.

நான்காம் படி: வெந்நீர் விளாவுவது போல

எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது இந்தப் படி. புரிந்த பிறகு என் படங்கள் முற்றிலும் மாறிவிட்டன. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

குளிக்க வெந்நீர் விளாவுகிறோம். அண்டாவில் கொதிக்கிற நீர், தொட்டியில் பச்சைத் தண்ணீர். இரண்டையும் வாளியில் கலந்து கையை விட்டுப் பதம் பார்க்கிறோம். ஃபிளாஷ் போட்டு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இப்படி இரண்டு வெளிச்சங்கள் கலக்கின்றன. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம் தொட்டித் தண்ணீர். ஃபிளாஷ் வெந்நீர். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் உண்டு.

வீட்டு வெளிச்சத்தின் குழாய் ஷட்டர். ஷட்டரை மெதுவாக்கினால் பின்னணியில் உள்ள தூணும் விளக்கும் சரவிளக்கும் பிரகாசமாகும். ஃபிளாஷ் வெளிச்சம் மாறாது, ஏனென்றால் ஃபிளாஷ் எரிந்து அணைவது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஒரு சிறு துளிதான். ஃபிளாஷின் குழாய் அதன் பவர். அபர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும் இரண்டையும் சேர்த்தே கூட்டும், குறைக்கும். அவற்றை வாளியின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். பின்னணி உங்கள் கண்ணுக்குத் தெரிவதைவிடச் சற்று மங்கலாக வரும்படி ஷட்டரை வையுங்கள். பிறகு ஃபிளாஷைப் போட்டு முகத்துக்கு வேண்டிய அளவு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் ஆரம்பக் காலப் படங்களில் பெண்ணுக்குப் பின்னால் எப்போதும் கன்னங்கறுப்பு. அவ்வளவு பெரிய வளவு, அவ்வளவு தூண்கள், ஒன்றும் தெரியாது. எந்த வீட்டில் கல்யாணம் நடந்தது என்று சொல்ல முடியாத படங்கள். எப்போதும் 200-ல் ஒரு பங்கிலேயே ஷட்டரை வைத்திருந்தேன். 60-ல் ஒரு பங்குக்கு இறக்கியதும் வீடு படத்துக்குள் வந்தது.

மேல் பக்கம் ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான கேமராக்களில் 200 அல்லது 250-ல் ஒரு பங்குதான் ஃபிளாஷ் ஒத்துழைக்கும் வேகம். அதைத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். ஹைஸ்பீட் சிங்க் இருந்தால் தாண்டலாம், ஆனால் ஃபிளாஷின் பலம் நன்றாகக் குறைந்துவிடும். கீழ்ப் பக்கம் 30-ல் ஒரு பங்குக்குக் கீழே போனால் ஆட்கள் அசைவது கலங்கலாகத் தெரியும். இரவு மாப்பிள்ளை அழைப்பில் இதையே அழகாகவும் பயன்படுத்தலாம். 15-ல் ஒரு பங்கு, ஃபிளாஷை ரியர் சிங்கில் (ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன் எரியும் முறை) வைத்தால் தெருவிளக்குகள் கோடாக இழுபடும், நாதஸ்வரக்காரர் மட்டும் தெளிவாக நிற்பார்.

ஐந்தாம் படி: நிறம்

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணில் சொல்வார்கள். குத்துவிளக்குச் சுடர் ஏறக்குறைய 1900 கெல்வின், குண்டு பல்பு 2700 முதல் 3200 வரை, ஃபிளாஷ் 5500 பக்கம். எண் குறையக் குறைய மஞ்சள். ஃபிளாஷை அப்படியே அடித்தால் பெண் நீலமாகவும் பின்னணி ஆரஞ்சாகவும் பிரிந்து நிற்கும். இதற்கு ஃபிளாஷ் தலையில் ஆரஞ்சு ஜெல் தாள் ஒட்ட வேண்டும். முழு அடர்த்தித் தாள் ஃபிளாஷைப் பல்பின் நிறத்துக்கு இறக்கிவிடும். நான் பெரும்பாலும் பாதி அடர்த்தித் தாளைத்தான் போடுகிறேன். விளக்கின் மஞ்சள் கொஞ்சம் மிஞ்சட்டும். விளக்கு மஞ்சளாக இல்லாவிட்டால் அது விளக்கே இல்லை.

விடியற்காலை முகூர்த்தத்தில் ஒரு சிக்கல் வரும். சடங்கு தொடங்கும்போது வெளியே இருட்டு. நடுவில் முற்றம் நீலமாகும். முடியும்போது பகல் வெளிச்சம். ஜெல்லை எப்போது கழற்றுவது? முற்றத்து வெளிச்சம் பல்பை மிஞ்சும் நேரத்தில். முந்தின நாள் அதே நேரத்துக்குப் போகச் சொன்னதற்கு இது ஒரு காரணம். அந்த நேரம் எது என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். நிறத்தைப் பின்னால் திருத்த இடம் தரும் ரா ஃபைலாக எடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும், பின்னால் நிறத்தைச் சரிபார்க்க, ஒரு சாம்பல் அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் வேட்டியை வெள்ளைக்கு அளவாக நம்பாதீர்கள். சலவையில் போட்ட வெண்மையூட்டிகள் ஃபிளாஷில் நீலமாக ஒளிரும்.

ஆறாம் படி: ஃபிளாஷைக் கேமராவை விட்டு இறக்குங்கள்

இப்போதுதான் காசு செலவழிக்கும் நேரம். ஒரு ட்ரிகர் (ஃபிளாஷைத் தள்ளி வைத்து எரியவைக்கும் கருவி), ஒரு ஸ்டாண்டு, ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பரப்ப ஒரு வெள்ளைக் குடை. வேறெதுவும் வேண்டாம்.

குடையைப் பெண்ணுக்குப் பக்கவாட்டில், அவர் தலைக்கு மேல் இரண்டடி உயரத்தில், சாய்த்து வையுங்கள். சொம்பில் பார்த்த அதே பட்டை இப்போது கழுத்திருவின்மேல் விழும். இன்னும் கொஞ்சம் பக்கவாட்டுக்கு நகர்த்தினால் உருக்களுக்கு நடுவே நிழல் விழுந்து வேலைப்பாடு எழும்பி நிற்கும். நிலைவாசலின் மரச் செதுக்கலையும் இப்படித்தான் எடுக்க வேண்டும். பக்கத்திலிருந்து உரசிக்கொண்டு போகும் வெளிச்சத்தில் யானையும் கிளியும் கொடியும் மரத்தை விட்டு வெளியே வரும். நேராக அடித்தால் நிலை வெறும் பலகைதான்.

தூரக் கணக்கு ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். குடை பெண்ணுக்கு ஒரு மீட்டரில், அவருக்குப் பின்னால் நிற்கும் ஆத்தா இரண்டு மீட்டரில் என்றால், ஆத்தாவுக்குக் கால் பங்கு வெளிச்சம்தான் போகும். அவர் இருட்டில் நிற்பார். குடையை மூன்று மீட்டருக்குப் பின்னே இழுத்தால் பெண் மூன்றில், ஆத்தா நான்கில். இப்போது ஆத்தாவுக்குப் பாதிக்குச் சற்று மேலேயே கிடைக்கும். பெண்ணைத் தனியாக எடுக்கும்போது குடையை நெருக்கமாகவும், குடும்பத்தோடு எடுக்கும்போது தள்ளியும் வைப்பது இதனால்தான். பங்காளிகள் நாற்பது பேர் முகப்புப் படிகளில் நிற்கும் குரூப் படத்தில் குடையை மறந்துவிடுங்கள். எல்லோரையும் நிழலுக்குள் இழுத்து, முற்றத்து வெளிச்சத்திலோ தெரு வெளிச்சத்திலோ எடுப்பது எவ்வளவோ மேல்.

இந்த வீடுகளில் ஸ்டாண்டு வைப்பதற்கு ஒரு ஒழுக்கம் வேண்டும். கால்களுக்கு ரப்பர் மாட்டுங்கள். ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழுந்தால் அந்த ஒரு கல்லை மட்டும் மாற்றி நிறம் சேர்ப்பது சுலபமல்ல. சுண்ணாம்புப் பூச்சில் டேப் ஒட்டவே கூடாது. உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வந்துவிடும். வாசல் நடுவே வயர் போடாதீர்கள். பட்டுப்புடவை கட்டிய ஆச்சிமார் கையில் தட்டோடு அதைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

ஏழாம் படி: திருப்பூட்டு

இதற்கு இரண்டாவது முறை கிடையாது. புதிதாகக் கற்ற எதையும் இங்கே முயற்சி செய்யாதீர்கள். பெண் அலங்காரத்திலோ முந்தின நாள் சீர்ச் சாமான் பரப்பியிருக்கும் இடத்திலோ பழகிப் பார்த்து, இரண்டு மூன்று கல்யாணத்தில் கை படிந்த பிறகே இங்கே கொண்டுவாருங்கள்.

நேரம் நெருங்கும்போது மாமக்காரர், நாத்தனார், பெரியவர்கள் என்று எல்லோரும் சுற்றி நெருக்குவார்கள். நெருக்கத்தான் செய்வார்கள், அது அவர்கள் வீட்டுக் கல்யாணம். தரையில் வைத்த ஸ்டாண்டு அந்த நேரத்தில் யாருடைய முதுகையாவதுதான் வெளிச்சம் போட்டுக் காட்டும். வெளிச்சம் மேலிருந்து வர வேண்டும். நான் ஒரு மோனோபாட் (ஒற்றைக்கால் கோல்) நுனியில் ஃபிளாஷும் சின்ன சாஃப்ட்பாக்ஸும் மாட்டி உதவிக்கு வரும் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் கூட்டத்துக்கு வெளியே நின்று தலைகளுக்கு மேலாக நீட்டுவார். ஏழெட்டு அடி உயரம், பெண்ணின் முகத்தை நோக்கிச் சாய்வாக. கண்ணால் பேசிக்கொள்ள முடிந்த ஒருவர் வேண்டும்; அந்த நாதஸ்வர மேளச் சத்தத்தில் வாயால் சொல்வது கேட்காது.

ஃபிளாஷை முழுப் பவரில் வைக்காதீர்கள். முழுப் பவரில் ஒருமுறை எரிந்தால் மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நொடி ஆகும். திருப்பூட்டும் நேரத்தில் மூன்று நொடி என்பது மிகப் பெரிய இடைவெளி. முடிச்சு விழுவதும், பெண் நிமிர்ந்து பார்ப்பதும், அட்சதை மேலே பறப்பதும் அதற்குள் முடிந்துவிடும். ஐ.எஸ்.ஓ.வை 1600-க்கு ஏற்றிவிட்டு ஃபிளாஷை எட்டிலோ பதினாறிலோ ஒரு பங்குக்கு இறக்குங்கள். தொடர்ச்சியாக எரியும். பவர் குறையக் குறைய ஃபிளாஷ் எரியும் நேரமும் குறுகும், அதனால் பறக்கும் அட்சதை ஒவ்வொரு மணியாக நின்று தெரியும். ஃபிளாஷின் பேட்டரி செல்களை அன்று காலை சார்ஜ் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு செட்டு சட்டைப் பையில் இருக்கட்டும், கேமராப் பைக்குள் வேண்டாம்.

ஒரு முறை என் ட்ரிகர் அந்த நொடியில் வேலை செய்யவில்லை. முந்தின நாள் வீட்டைப் பார்த்து எழுதிய தாளில் அந்த இடத்தின் வெறும் வெளிச்ச அளவு இருந்ததால் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, ஃபிளாஷ் இல்லாமலே எடுத்து முடித்தேன். படத்தில் சொரசொரப்பு இருந்தது. ஆனால் படம் இருந்தது.

வீடியோக்காரர்களோடு முதல் நாளே பேசிவிடுங்கள். அவர்கள் எல்.இ.டி. பேனலை மணவறைக்கு நேர் எதிரே வைத்தால் உங்கள் பக்கவாட்டு நிழல் எல்லாம் அழிந்துவிடும். “அண்ணே, அந்த லைட்ட கொஞ்சம் இந்தப் பக்கம் ஓரமா வைக்கலாமா? உங்களுக்கும் முகம் நல்லா எழும்பும்” என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். அவர்கள் படத்துக்கும் அது நல்லதுதான்.

மண்டபமாக இருந்தால்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இப்போது மண்டபக் கல்யாணங்களும் நிறைய. அங்கே தொல்லை மேடை எல்.இ.டி.கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை சிமிட்டும். கண்ணுக்குத் தெரியாது, 500-ல் ஒரு பங்கில் எடுத்த படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். 100-ல் ஒரு பங்கு அல்லது 50-ல் ஒரு பங்கில் எடுங்கள். ஊதா விளக்கை முகூர்த்த நேரத்துக்கு மட்டும் அணைத்து வெள்ளை விளக்கு போடும்படி மேடை அலங்காரக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊதா ஏறிய முகத்தை எந்த மென்பொருளிலும் முழுதாக மீட்க முடிந்ததில்லை.

எட்டாம் படி: பின்னாலிருந்து ஒரு வெளிச்சம்

இரண்டாவது ஃபிளாஷ் வாங்கியதும் இதைப் பழகுங்கள். ஓமப் புகையோ சாம்பிராணிப் புகையோ, முன்னாலிருந்து அடித்தால் வெள்ளைத் திரையாக மறைக்கும், பின்னாலிருந்து அடித்தால் இழை இழையாகத் தெரியும். மல்லிகைச் சரத்தின் ஓரமும், கோயிலிலிருந்து வந்த மாலையின் இதழும் பின்வெளிச்சத்தில்தான் உயிர் பெறும். ஃபிளாஷை ஒரு தூணுக்குப் பின்னால் மறைத்து, பவரைக் குறைவாக வையுங்கள்.

மாலையில் வீட்டின் முகப்பைத் தெருவிலிருந்து எடுக்க விரும்பினால், சூரியன் மறைந்து இருபது நிமிடம் போல் வானம் கருநீலமாக இருக்கும். அதற்குள் முகப்பு விளக்குகளை எல்லாம் போடச் சொல்லி, மாப்பிள்ளையும் பெண்ணும் நிலைவாசலில் நிற்க, உள்ளே ஆரஞ்சு ஜெல் போட்ட ஒரு ஃபிளாஷை வெளியே பார்த்து வையுங்கள். தாமதித்தால் வானம் கறுத்துவிடும்.

நிறத்தை மாற்றாதீர்கள்

இதை ஒரு படியாக எண்ணிக்கூடச் சொல்ல மனமில்லை, முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டிய ஒன்று. நம் பக்கம் பல ஆல்பங்களில் பெண் சுண்ணாம்பு பூசியது போல இருப்பாள். ஃபிளாஷைக் கூட்டி அடித்து, அப்புறம் கம்ப்யூட்டரில் இன்னும் வெளுப்பாக்கி. நானும் மூன்று வருடம் அதைச் செய்தேன். வீட்டார் கேட்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு பெண் தன் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, “இது நான் இல்லண்ணே” என்று மெல்லச் சொன்னாள். அதன் பிறகு நான் அதைச் செய்வதில்லை.

மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் அதிக வெளிச்சம் தேவையில்லை, பெரிய வெளிச்சம் தேவை. கறுப்பான சருமத்தில் வடிவம் தெரிவது அதன்மேல் விழும் மினுமினுப்பால். சின்ன ஃபிளாஷ் நெற்றியில் எண்ணெய்ப் பொட்டு வைத்த மாதிரி அடிக்கும். பக்கத்திலிருந்து வரும் குடையோ சுவரோ கன்னத்தின் வளைவு முழுவதும் மெல்லிய பளபளப்பைத் தரும். கேமராவின் கணக்கும் இங்கே ஏமாற்றும். அரக்குப் பட்டு உடுத்திய பெண் தேக்குக் கதவின் முன் நின்றால் எல்லாம் இருட்டு என்று நினைத்துப் படத்தை வெளுக்கவைக்கும். முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) குறையுங்கள். வெள்ளை வேட்டி சட்டையில் மாப்பிள்ளை வெள்ளைச் சுவர் முன் நின்றால் இருட்டாக்கும். ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். வேட்டியின் மடிப்புத் தெரிகிற அளவே மேல் எல்லை.

கல்யாணம் முடிந்த இரவு

படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்த பிறகு, தூங்கும் முன் கெட்டுப்போன ஐந்து படங்களைத் தேர்ந்தெடுங்கள். நல்ல படங்களை அப்புறம் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் எங்கே இருந்தது, எங்கே இருந்திருக்க வேண்டும் என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த கல்யாணத்தில் அந்த ஐந்தில் ஒன்றை மட்டும் சரிசெய்ய முயலுங்கள். ஒரு சீசனில் பதினைந்து கல்யாணம் என்றால் பதினைந்து விஷயம் கைவந்திருக்கும்.

என் நோட்டில் இப்போது நிற்கும் கடைசி வரி, மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர்களைப் பற்றியது. போன மாதம் ஒரு தாத்தா பேத்திக்குத் திருநீறு பூசும் நல்ல படம் ஒன்றில் அவர் கண்ணாடி இரண்டிலும் என் குடை வெள்ளையாகத் தெரிகிறது, கண் தெரியவில்லை. குடையை இன்னும் ஒரு முழம் உயர்த்தி, ஓரமாகத் தள்ளிவைத்துப் பார்க்க வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம் இருக்கிறது. வியாழன் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.